இரண்டு லேப்டாப், மூன்று டிரைவ்: டிஜே லைப்ரரியை எங்கே வைப்பது?

போன வருடம் ஒரு ரிசப்ஷன். மண்டபத்தில் கண்ட்ரோலரை இறக்கி லேப்டாப்பைத் திறந்து டிரைவைச் செருகப் போகும் நேரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து ஒரு பென் டிரைவை நீட்டினார். "தம்பி, இதுல பொண்ணு மாப்பிள்ளை வீடியோ இருக்கு, கொஞ்சம் காப்பி பண்ணிக்குங்க." சரி என்று முதலில் அதைச் செருகினேன், அப்புறம்தான் என் டிரைவ். லைப்ரரியைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் ஆச்சரியக்குறி. ஒன்றுகூடத் தப்பவில்லை. கூட வந்த தம்பி வெளிறிப் போய் "அண்ணா, பாட்டெல்லாம் அழிஞ்சிடுச்சா?" என்றான்.

ஒன்றும் அழியவில்லை. வழக்கமாக 'ஈ' என்ற எழுத்தில் வந்து உட்காரும் என் டிரைவ், அந்த இடத்தைச் சித்தப்பாவின் பென் டிரைவ் பிடித்துக்கொண்டதால் அன்றைக்கு 'எஃப்' ஆகிவிட்டது, அவ்வளவுதான். பாட்டு பாட்டாகவே இருக்கிறது, மென்பொருளுக்குத்தான் வழி தெரியவில்லை. இரண்டையும் கழற்றி வரிசை மாற்றிச் செருகி மூடித் திறந்ததும் எல்லாம் திரும்பி வந்தது. நான்கு நிமிடம் போயிருக்கும், அதுவரை தம்பியின் போனிலிருந்து ஒரு பழைய மெலடி ஓடியது. யாரும் கவனிக்கவில்லை, எனக்குத்தான் சட்டை நனைந்தது.

தப்பு என்னுடையதுதான். வீட்டில் ஒரு டெஸ்க்டாப், கையில் ஒரு லேப்டாப், அவசரத்துக்கு ஒரு பழைய லேப்டாப், பாட்டு மூன்று டிரைவில் சிதறிக் கிடக்கிறது என்ற நிலையில்தான் நம்மில் பாதிப் பேர் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அதற்கு என்னென்ன வழி இருக்கிறது, எந்த மென்பொருளுக்கு எது ஒத்துவரும், எதில் கையைச் சுட்டுக்கொண்டேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாட்டு வேறு, பாட்டைப் பற்றிய குறிப்பு வேறு. பாட்டு என்பது எம்பி3 கோப்பு. 320 கேபிபிஎஸ் என்றால் நிமிடத்துக்கு 2.4 எம்பி, நாலரை நிமிடப் பாட்டு ஏறக்குறைய 11 எம்பி, 12,000 பாட்டு வைத்திருந்தால் 130 ஜிபி. இதைக் காப்பியடிப்பது பெரிய விஷயமில்லை. குறிப்பு என்பது க்யூ பாயின்ட் (பாட்டில் நேராகக் குதிக்க நாம் வைக்கும் இடக்குறி, சுருக்கமாக க்யூ), பீட்கிரிட் (தாளம் விழும் இடங்களின் கட்டம்), லூப், பிளேலிஸ்ட், எத்தனை தடவை ஓட்டினோம் என்ற கணக்கு, நாம் போட்ட கலர், கமென்ட் எல்லாம். அளவில் சில நூறு எம்பிகூட வராது, ஆனால் அதில்தான் நம் மூன்று நான்கு வருட உழைப்பு இருக்கிறது. பாட்டு தொலைந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், எட்டாயிரம் பாட்டுக்குத் திரும்ப க்யூ போட யாருக்கு வயது இருக்கிறது?

இந்தக் குறிப்பை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு இடத்தில் வைக்கிறது. உங்களுக்கு எந்த வழி ஒத்துவரும் என்பதைப் பாதிக்கு மேல் அதுதான் தீர்மானிக்கிறது.

செராட்டோ க்யூ, லூப், பீட்கிரிட் எல்லாவற்றையும் அந்தப் பாட்டுக் கோப்பின் டேகுக்குள்ளேயே (கோப்போடு ஒட்டியிருக்கும் தகவல் பகுதி) எழுதிவிடுகிறது. கிரேட்களையும் (செராட்டோவில் பிளேலிஸ்டுக்குப் பெயர்) மொத்தப் பாட்டுப் பட்டியலையும் மட்டும் தன் பெயருக்கு முன்னும் பின்னும் அடிக்கோடு போட்ட ஒரு ஃபோல்டரில் வைக்கும். முக்கியமான விஷயம், வெளி டிரைவில் இருக்கும் பாட்டுகளுக்கான ஃபோல்டரை அந்த டிரைவின் முகப்பிலேயே வைக்கும். அதாவது டிரைவ் எங்கே போகிறதோ குறிப்பும் கூடவே போகிறது. விர்ச்சுவல் டிஜேயும் கிட்டத்தட்ட இப்படித்தான், ஒவ்வொரு வெளி டிரைவிலும் தனக்கென ஒரு ஃபோல்டர் போட்டு அந்த டிரைவின் பாட்டுகளுக்கான தகவலை அதற்குள் எழுதிக்கொள்ளும். டெனான் கருவிகளுக்கான எஞ்சின் டிஜேயும் டிரைவுக்கு ஒரு லைப்ரரி என்ற கணக்குத்தான்.

ரெக்கார்ட்பாக்ஸ் நேர் எதிர். க்யூ எல்லாம் மாஸ்டர் டேட்டாபேஸ் என்ற ஒரே கோப்பில் இருக்கும், 2020இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து அது பூட்டுப் போட்ட கோப்பு, நாம் திறந்து பார்த்துத் திருத்த முடியாது. சாதாரணமாக அது கம்ப்யூட்டரின் உள் டிஸ்கில் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். "டிரைவை எடுத்துக்கிட்டுப் போய் இன்னொரு லேப்டாப்ல போட்டேன், பாட்டு வந்துச்சு, க்யூ வரல" என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் ரெக்கார்ட்பாக்ஸ்காரர்கள் என்பதற்கு இதுதான் காரணம்.

டிராக்டர் நடுவில் நிற்கிறது. எல்லாவற்றையும் 'கலெக்‌ஷன்' என்ற ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் வைக்கிறது, டேகிலும் கொஞ்சம் எழுதுகிறது. அந்தக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பழைய டிரைவ் பெயரைத் தேடிப் புதுப் பெயரை மாற்றிப் போட்டுவிடலாம். பார்க்கக் கரடுமுரடாக இருந்தாலும் ஆபத்துக் காலத்தில் இதைவிடப் பெரிய வசதி இல்லை. மிக்ஸ் (மூன்று எக்ஸ் போட்டு எழுதும் இலவச மென்பொருள்) ஒரே டேட்டாபேஸ், முழு வழியையும் (எந்த டிரைவ், எந்த ஃபோல்டர் என்ற முகவரி) அப்படியே பதித்து வைக்கும், அதனால் ரெக்கார்ட்பாக்ஸுக்குச் சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

எல்லாம் ஒரே வெளி டிரைவில்

நான் இப்போது இருப்பது இதில்தான். ஒரு 1 டிபி எஸ்எஸ்டி, அதில் மொத்தப் பாட்டும், மொத்தக் குறிப்பும். எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் அங்கே லைப்ரரி விரியும். வீட்டில் டெஸ்க்டாப்பில் செருகி க்யூ போடுகிறேன், சாயங்காலம் அதையே கழற்றி லேப்டாப்பில் செருகி வாசிக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவில் எது புதுசு எது பழசு என்ற குழப்பமே எழாது, இருப்பதே ஒன்றுதான்.

செராட்டோ, விர்ச்சுவல் டிஜே ஆட்களுக்கு வேறு யோசனையே வேண்டாம், இதுதான். ஒரே ஒரு எச்சரிக்கை. செராட்டோவில் ஒரு கிரேட்டுக்குள் உள் டிஸ்கின் பாட்டு பாதி, வெளி டிரைவின் பாட்டு பாதி என்று கலந்து போட்டீர்கள் என்றால் இன்னொரு கம்ப்யூட்டரில் திறக்கும்போது வெளி டிரைவின் பாதி மட்டும்தான் தெரியும், மீதி எங்கே என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள். டெஸ்க்டாப்பில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து அப்படியே கிரேட்டுக்குள் இழுத்துப் போடுகிற பழக்கம்தான் இதற்கு மூலம். முதலில் டிரைவுக்குள் காப்பி, அப்புறம் கிரேட்.

ரெக்கார்ட்பாக்ஸிலும் இதைச் செய்யலாம். செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பக்கத்தில் டேட்டாபேஸ் மேனேஜ்மென்ட் என்று ஒன்று இருக்கிறது, அங்கே மாஸ்டர் டேட்டாபேஸை வெளி டிரைவுக்கு நகர்த்தலாம், இன்னொரு கம்ப்யூட்டரிலும் அதே டிரைவைக் காட்டிவிடலாம். இரண்டிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும், டிரைவைச் செருகிய பிறகுதான் மென்பொருளைத் திறக்க வேண்டும், இந்த இரண்டும் மாறக்கூடாது. ஒன்று விண்டோஸ் இன்னொன்று மேக் என்றால் மொத்த லைப்ரரியையும் நகர்த்துவதற்கு முன் பத்துப் பாட்டை மட்டும் வைத்து, க்யூ போட்டு, இங்கும் அங்கும் நான்கு தடவை மாற்றிச் செருகிப் பாருங்கள். டிராக்டரில் ரூட் டைரக்டரியை (அது தன் கோப்புகளை வைக்கும் ஃபோல்டர்) வெளி டிரைவுக்கு மாற்றினால் மேப்பிங்கும் (கண்ட்ரோலரின் எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்ற அமைப்பு) செட்டிங்ஸும் கூடவே போகும், அதனால் ஒரு கம்ப்யூட்டரின் ஆடியோ செட்டிங் இன்னொன்றில் வந்து நிற்கும், ஒவ்வொரு தடவையும் சவுண்ட் கார்டைச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

குறை என்ன? அந்த ஒரு டிரைவ் போனால் எல்லாம் போச்சு. தொலையவோ கருகவோ வேண்டாம், கேபிள் லேசாக நகர்ந்தாலே போதும். மேடையில் சப் வூஃபர் அதிர்வில் மேஜை ஆடிக்கொண்டே இருக்கும், நடுவில் யாராவது பாட்டுக் கேட்க வந்து மேஜையில் கை ஊன்றுவார்கள். நான் டிரைவை லேப்டாப் மூடியின் பின்பக்கம் வெல்க்ரோ போட்டு ஒட்டி, கேபிளையும் ஒரு வளையம் விட்டு டேப் அடித்து வைத்திருக்கிறேன், பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் கழன்றதில்லை. சுழலும் ஹார்ட் டிஸ்கை மேடைக்குக் கொண்டு போகாதீர்கள், அதன் இடம் வீட்டு அலமாரி. யூஎஸ்பி ஹப் வழியாகவும் வேண்டாம், கண்ட்ரோலருக்கு ஒரு போர்ட், டிரைவுக்கு ஒரு போர்ட், நேராக.

விண்டோஸ்காரர்கள் என் கதை நடக்காமலிருக்க டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் அந்த டிரைவுக்கு 'எம்' மாதிரி யாரும் பிடிக்காத எழுத்தைக் கொடுத்துவிடுங்கள், எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதே எழுத்து. ஐந்து நிமிட வேலை, நான் செய்யாமல் விட்ட வேலை. மேக்கில் எழுத்து கிடையாது, டிரைவின் பெயர்தான் வழி. அங்கே இன்னொரு தொல்லை, டிரைவை எஜெக்ட் செய்யாமல் பிடுங்கினால் சில நேரம் பழைய பெயர் ஆவியாக அங்கேயே நிற்கும், திரும்பச் செருகும்போது பெயருக்குப் பின்னால் ஒன்று என்ற எண் சேர்ந்துகொண்டு வரும். உடனே எல்லாப் பாட்டும் காணோம். ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும்.

இரண்டு கம்ப்யூட்டரிலும் உள்ளேயே வைத்து ஒருவழி நகல்

வெளி டிரைவே வேண்டாம், லேப்டாப்பின் உள்ளேயே எல்லாம் இருக்கட்டும் என்பது அடுத்த வழி. வாசிக்கும்போது இதைவிட நிம்மதியானது எதுவும் இல்லை, கழன்று விழ எதுவுமே இல்லையே. வீட்டுக் கம்ப்யூட்டர்தான் எஜமான், க்யூ போடுவது, டேக் திருத்துவது, புதுப் பாட்டுச் சேர்ப்பது எல்லாம் அங்கே மட்டும். வாரத்துக்கு ஒரு நாள் அங்கிருந்து லேப்டாப்புக்கு நகல். ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருளில் 'மிரர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மாறியதை மட்டும் கொண்டு போகும், மேக்கில் கார்பன் காப்பி க்ளோனர் இருக்கிறது, கமாண்ட் லைன் பிடித்தவர்களுக்கு ரோபோகாப்பியும் ஆர்சிங்க்கும்.

மிரர் என்பதன் அர்த்தத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். எஜமானில் இல்லாதது அடிமையில் அழிக்கப்படும். நிகழ்ச்சியில் அவசரமாக லேப்டாப்பில் டவுன்லோட் செய்த பாட்டை வீட்டுக்கு வந்ததும் எஜமானில் சேர்க்காமல் மிரர் ஓட்டினால் அந்தப் பாட்டு காலி.

இதற்கு இரண்டு கம்ப்யூட்டரிலும் பாட்டின் வழி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். யூசர் பெயர் மாறினால் வழியும் மாறிவிடும் என்பதால் மியூசிக் ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். விண்டோஸில் சி டிரைவுக்கு நேர் கீழே ஒரு ஃபோல்டர், மேக்கில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஷேர்டு' ஃபோல்டர், இந்த இரண்டும் யார் கம்ப்யூட்டரிலும் ஒரே பெயரில்தான் இருக்கும். டிராக்டர் ஆட்களுக்கும், ரெக்கார்ட்பாக்ஸை நேரடியாக லேப்டாப்பில் ஓட்டுகிறவர்களுக்கும் இந்த வழியை நான் தயங்காமல் சொல்வேன். ரெக்கார்ட்பாக்ஸில் டேட்டாபேஸ் கோப்பைக் கையால் தூக்கி வைப்பதற்குப் பதில் மெனுவில் இருக்கும் லைப்ரரி பேக்கப், ரீஸ்டோர் வழியாகப் போங்கள். பாட்டையும் சேர்த்து எடுக்கவா என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பாட்டை மிரர் வழியாகக் கொண்டு போனால் வேகமாக முடியும். நகல் ஓடும்போது மென்பொருள் இரண்டிலும் மூடியிருக்க வேண்டும், திறந்திருக்கும் டேட்டாபேஸைக் காப்பியடித்தால் பாதி எழுதிய கோப்புதான் வந்து சேரும்.

செராட்டோவில் இதைச் செய்தால் ஒரு சின்னச் சங்கடம். க்யூ பாட்டுக்குள்ளேயே எழுதப்படுவதால், ஆயிரம் பாட்டில் பாட்டுக்கு ஒரு க்யூ சேர்த்தீர்கள் என்றால் ஆயிரம் பாட்டும் மாறிய கோப்புகள், அத்தனையும் திரும்பக் காப்பியாகும். 11 ஜிபி. எஸ்எஸ்டியில் சில நிமிடம்தான், பரவாயில்லை. இதையே இணையம் வழியாக ஏற்றப் போனால்தான் கஷ்டம்.

க்ளவுட்

அதற்குத்தான் வருகிறேன். ரெக்கார்ட்பாக்ஸ் தானே க்ளவுட் லைப்ரரி சிங்க் என்று ஒன்றைச் சந்தாவுக்குத் தருகிறது, டிராப்பாக்ஸ் அல்லது கூகுள் டிரைவில் பாட்டை வைத்துக்கொண்டு பல கம்ப்யூட்டரில், போனில்கூட ஒரே லைப்ரரியைக் காட்டும். ரெக்கார்ட்பாக்ஸின் பூட்டுப் போட்ட டேட்டாபேஸை இரண்டு இடத்தில் வைத்துக்கொண்டு இரண்டிலும் திருத்த வேண்டும் என்றால் நேர்மையான ஒரே வழி இதுதான், மற்றதெல்லாம் குறுக்கு வழி. பார்ட்னர் ஒருவர் வேறு ஊரில் உட்கார்ந்து பிளேலிஸ்ட் போடுகிறார், நீங்கள் இங்கே வாசிக்கிறீர்கள் என்றால் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. தனி ஆளாக இருந்தால் எனக்கு இது தேவையில்லாத செலவாகத்தான் படுகிறது. ஒன்று ரெக்கார்ட்பாக்ஸ் சந்தா, இன்னொன்று க்ளவுட் இடத்துக்கான சந்தா, மாதம் இரண்டு பில்.

சாதாரண டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், ஐகிளவுடில் லைப்ரரியை வைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். இவை எல்லாமே இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று கோப்பை ஆன்லைனில் மட்டும் வைத்துவிட்டு டிஸ்கில் வெறும் பெயரை நிறுத்தும். பெயர் இருக்கும், பாட்டு இருக்காது. வீட்டில் வைஃபை இருக்கும்வரை தெரியவே தெரியாது, அழுத்தினால் இறங்கி ஓடும். மண்டபத்தின் அடித்தளத்தில் சிக்னல் இல்லாத இடத்தில் அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த ஃபோல்டரை எப்போதும் இந்தக் கம்ப்யூட்டரிலேயே வைத்திரு என்று குறிக்காமல் கிளம்பவே கூடாது. விண்டோஸில் ஒன்டிரைவ் பேக்கப்பை நாம் ஏதோ ஒரு நாள் சரி சரி என்று அழுத்தியிருந்தால் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரே அதற்குள் நகர்ந்திருக்கும், டிராக்டர் தன் கலெக்‌ஷனை வைப்பது அங்கேதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இருவழி சிங்க்: கையைச் சுட்டுக்கொண்ட இடம்

இணையமே வேண்டாம், வீட்டு நெட்வொர்க்கில் இரண்டு கம்ப்யூட்டரும் தாங்களாகவே ஒன்றையொன்று பார்த்துச் சரிசெய்துகொள்ளட்டும், இரண்டிலும் எங்கே வேண்டுமானாலும் திருத்தலாம். கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது! சிங்க்திங் போன்ற இலவச மென்பொருளில் இதை அமைக்க அரை மணி நேரம் போதும். பாட்டுக் கோப்புகளுக்கு இது அருமையாக வேலை செய்யும், இன்றைக்கும் நான் புதுப் பாட்டு இறங்கும் ஃபோல்டரை மட்டும் இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

டேட்டாபேஸுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு சனிக்கிழமை லேப்டாப்பில் நெட் இல்லாமல் இருநூறு பாட்டுக்கு க்யூ போட்டேன், அதே நேரம் வீட்டில் தம்பி டெஸ்க்டாப்பில் பிளேலிஸ்ட் அடுக்கிக்கொண்டிருந்தான். ஞாயிறு இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததும், இரண்டு பக்கமும் அந்த ஒரே கோப்பு மாறியிருக்கிறது. மென்பொருள் என்ன செய்யும், இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதற்கு மோதல் என்று பெயர் போட்டு ஓரமாக ஒதுக்கியது. டேட்டாபேஸுக்குள்ளே போய் இதிலிருந்து க்யூ, அதிலிருந்து பிளேலிஸ்ட் என்று பிரித்துச் சேர்க்க எந்த சிங்க் மென்பொருளுக்கும் தெரியாது, அதற்கு அது வெறும் ஒரு கோப்பு. தம்பியின் பிளேலிஸ்ட் தங்கியது, என் இருநூறு க்யூ போய்விட்டது. ஒதுக்கிய கோப்பு அங்கேயேதான் இருந்திருக்கிறது, எனக்கு அன்றைக்கு அது தெரியாமல் குப்பை என்று அழித்தும் விட்டேன்.

க்யூ பாட்டுக்குள்ளேயே இருக்கும் செராட்டோவில் இந்த அடி கொஞ்சம் மெதுவாக விழும். ஒரே பாட்டை இருவரும் தொட்டால்தான் மோதல், ஒவ்வொரு கிரேட்டும் தனித்தனிக் கோப்பு. ஆனாலும் மொத்தப் பாட்டுப் பட்டியல் ஒரே கோப்புதான், அதனால் அங்கும் நான் ஒருவழியையே சொல்வேன்.

பென் டிரைவ் மட்டும்

கிளப்பில், பெரிய மேடையில் சிடிஜேயில் (பென் டிரைவிலிருந்தே பாட்டு ஓட்டும் பிளேயர்) வாசிக்கிறவர்களுக்கு லேப்டாப்பே மேடைக்கு வர வேண்டியதில்லை. ரெக்கார்ட்பாக்ஸிலிருந்து பென் டிரைவுக்கு எக்ஸ்போர்ட், பாட்டும் க்யூவும் பீட்கிரிட்டும் சேர்ந்து போகும். ஒரே எக்ஸ்போர்ட்டை இரண்டு பென் டிரைவில் போட்டு இரண்டு பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை கம்ப்யூட்டர் என்ற பேச்சே இங்கே எழாது, எக்ஸ்போர்ட் செய்கிற ஒன்றுதான் எஜமான். பிளேயரில் வாசிக்கும்போது போட்ட க்யூவும் ஓட்டிய வரிசையும் பென் டிரைவில்தான் பதியும், அதை லேப்டாப்புக்குத் திரும்ப இழுத்துக்கொள்வது தனி வேலை, சோம்பேறித்தனத்தில் பாதிப் பேர் செய்வதில்லை (நானும்).

இரண்டு கவனம். சிடிஜே 2000 நெக்ஸஸ் 2 போன்ற கருவிகள் ஃபேட்32, எச்எஃப்எஸ் பிளஸ் என்ற டிஸ்க் ஃபார்மேட் இரண்டையும் படிக்கும், எக்ஸ்ஃபேட்டோ என்டிஎஃப்எஸ்ஸோ படிக்காது. 2023இல் வந்த ஓபஸ் குவாட் என்ற கருவி டிவைஸ் லைப்ரரி பிளஸ் என்ற புது வகை லைப்ரரியை மட்டும்தான் பார்க்கும், பழைய சிடிஜேக்கு அது தெரியாது. எந்த மேடையில் எது இருக்கும் என்று தெரியாவிட்டால் இரண்டு வகையையும் ஒரே பென் டிரைவில் எழுதச் சொல்லிவிடலாம்.

எந்த ஃபார்மேட் என்ற கேள்வி வெளி எஸ்எஸ்டிக்கும் உண்டு. மேக்கும் விண்டோஸும் கலந்து வைத்திருந்தால் எக்ஸ்ஃபேட்தான் எளிய வழி. என்டிஎஃப்எஸ்ஸை மேக் படிக்கும், எழுதாது. எழுத முடியாவிட்டால் க்யூ எங்கே பதியும்? எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் என்ற பாதுகாப்பு கிடையாது, எழுதும் நேரத்தில் பிடுங்கினால் கோப்புகள் கெட வாய்ப்பு அதிகம், எஜெக்ட் செய்துவிட்டே கழற்றுங்கள். இரண்டும் விண்டோஸ் என்றால் என்டிஎஃப்எஸ், இரண்டும் மேக் என்றால் மேக்கின் சொந்த ஃபார்மேட், முடிந்தது.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள்

வேறு மொழிக்காரர்களுக்கு அதிகம் வராத, நமக்கு வரும் ஒரு தொல்லை. கோப்பின் பெயரைத் தமிழிலேயே வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், நானும் கொஞ்ச நாள் வைத்தேன். 'கொ', 'கோ', 'கௌ' வரும் பெயர்களை மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் ஒரு வேலை செய்து வைக்கும். 'கொ' என்பதில் இருக்கும் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்காமல் ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்துப் பதியும். திரையில் பார்த்தால் ஒன்றுதான், உங்களுக்கும் எனக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் அந்தப் பெயர் அப்படியே விண்டோஸுக்கு வந்தால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் மென்பொருளுக்கு அது வேறு பெயர், பாட்டு காணோம் என்று சொல்லிவிடும். அதுவும் மொத்தமும் காணாமல் போகாமல் 'கொ'வும் 'தோ'வும் வருகிற பாட்டு மட்டும் காணாமல் போனது, காரணம் பிடிபட எனக்கு இரண்டு நாள் ஆனது. இப்போது கோப்புப் பெயர் ஆங்கில எழுத்தில், தமிழ்ப் பெயர் டேகுக்குள் என்று வைத்துக்கொண்டேன். திரையில் தெரிவது டேக்தான், பிறகென்ன.

ஆங்கில எழுத்தில் வைத்தால் வேறு வம்பு. இளையராஜா பெயரை ஒரு எல் போட்டு, இரண்டு எல் போட்டு, ஒய் போட்டு, ஐ போட்டு, இரட்டை ஏ போட்டு என்று என் லைப்ரரியில் ஆறு விதமாக வைத்திருந்தேன். தேடினால் ஒவ்வொரு தடவையும் ஒரு பகுதி மட்டும் வரும். இதே காரணத்தால் ஒரே பாட்டு மூன்று டிரைவில் மூன்று பெயரில் இருந்தது, ஒன்றில் க்யூ போட்டிருப்பேன், மேடையில் கை போவது க்யூ இல்லாத இன்னொன்றுக்கு. பல டிரைவை ஒன்றாக்குவதற்கு முன்னால் இந்தக் களையெடுப்பைச் செய்துவிடுங்கள். ஒன்றாக்கிவிட்டுச் செய்தால் எதை அழித்தால் எந்த பிளேலிஸ்ட் உடையும் என்றே தெரியாது.

மென்பொருளே வேறு என்றால்

டெஸ்க்டாப்பில் ரெக்கார்ட்பாக்ஸ், லேப்டாப்பில் செராட்டோ என்று ஓட்டுகிறவர்கள் உண்டு. லெக்சிகான் மாதிரி மாற்றிக் கொடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, க்யூ, பிளேலிஸ்ட் எல்லாம் கொண்டு போகும். ஒரு நுட்பம் மட்டும், சில எம்பி3 கோப்புகளின் ஆரம்பத்தை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுவதால் க்யூ எல்லாம் ஏறக்குறைய 26 மில்லிசெகண்ட் தள்ளி விழும். எம்பி3யின் ஒரு ஃபிரேம் (ஒரு சின்னத் துண்டு) 1,152 சாம்பிள், நொடிக்கு 44,100 சாம்பிள், வகுத்தால் அந்த 26 வந்துவிடும். காதுக்குத் தெரியாது என்பார்கள், குத்துப் பாட்டில் தவிலும் பறையும் விழும் இடத்தில் க்யூ போட்டு அழுத்திப் பாருங்கள், தெரியும். மாற்றியதும் பத்துப் பாட்டை எடுத்துக் காதால் சோதித்துவிட்டே மேடைக்குப் போங்கள். நான் இதைத் தொடர்ந்து செய்யச் சொல்ல மாட்டேன், ஒரு தடவை மாறுவதற்குச் சரி.

எதை எடுப்பது என்று கேட்டால் என் கணக்கு இதுதான். செராட்டோ, விர்ச்சுவல் டிஜே என்றால் ஒரே வெளி எஸ்எஸ்டி, கூடவே அதே அளவில் இன்னொரு எஸ்எஸ்டி இரட்டைப் பிள்ளையாக. ரெக்கார்ட்பாக்ஸை சிடிஜேக்காக வைத்திருந்தால் வீட்டில் ஒரு எஜமான், பாக்கெட்டில் இரண்டு பென் டிரைவ். ரெக்கார்ட்பாக்ஸோ டிராக்டரோ லேப்டாப்பிலேயே ஓடுகிறது என்றால் உள் டிஸ்க், ஒருவழி நகல். இரண்டு ஊரில் இரண்டு பேர் என்றால் மட்டும் க்ளவுட் சந்தா. எதுவாக இருந்தாலும் திருத்தும் உரிமை ஒரு நேரத்தில் ஒரே இடத்தில்தான், இதை மட்டும் பார்ட்னரிடமும் தம்பியிடமும் முதலிலேயே பேசி வைத்துவிடுங்கள்.

என் ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்றால், மேடைக்குப் போகும் எஸ்எஸ்டியில் கறுப்பு டேப், இரட்டைப் பிள்ளையில் சிவப்பு டேப். ஒவ்வொரு திங்களும் கறுப்பிலிருந்து சிவப்புக்கு மிரர், சிவப்பு எப்போதும் கண்ட்ரோலர் பெட்டிக்குள் போகாது, தம்பியின் பையில் வரும், பெட்டி தொலைந்தால் இரண்டும் சேர்ந்து தொலையக்கூடாது என்பதற்காக. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே 'எம்' எழுத்து, அதனால் கறுப்பு மேடையில் படுத்துவிட்டால் கழற்றிச் சிவப்பைச் செருகினால் லைப்ரரி வழி மாறாமல் திறக்கும். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே கம்ப்யூட்டரில் செருகினால் எழுத்து அடிபடும், திங்கட்கிழமை மிரர் ஓட்டும்போது இது நடக்கும், முடிந்ததும் சிவப்புக்குத் திரும்ப 'எம்' கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். மூன்றாவது நகல் பழைய ஹார்ட் டிஸ்கில், அம்மா வீட்டு பீரோவில், மாதம் ஒரு தடவை. இதைத் தவிர லேப்டாப்பின் உள் டிஸ்கில் இருநூறு பாட்டு தனியாகக் கிடக்கிறது, டிரைவே இல்லாமல் ஒரு ரிசப்ஷனை ஒன்றரை மணி நேரம் தள்ள அது போதும். கிளம்புவதற்கு முன் வைஃபையை அணைத்து, டிரைவைக் கழற்றிவிட்டு, அந்த இருநூறும் ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். சித்தப்பாக்களின் பென் டிரைவுக்குத் தனியாகத் தம்பியின் லேப்டாப்.